பார்க்கிறவனுக்குப் பங்கு உண்டா?



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு முதற்பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, ஒரு பாட்டியம்மாள் என்னைக் கைகாட்டி அழைத்து, "தம்பி, பிக் பாஸ் பார்த்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேணுமா?" என்று கேட்டார்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அதைச் சுவாமியாரிடம் அல்லவா கேட்க வேண்டும், பாட்டி?" என்று நழுவப் பார்த்தேன். "சாமி அதைப் பார்க்கிறதில்லையாம். நீதானே ராத்திரியெல்லாம் பார்க்கிறவன்" என்றார்கள்.

அது மெய்தான். காந்தி மார்க்கெட் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறவன் நான். லாரிகள் வந்து சேரும்வரை இரவில் எங்களுக்கு வேலை இல்லை. அருகிலுள்ள தேநீர்க் கடையில் ஒரு டெலிவிஷன் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். சுமை தூக்குகிறவர்கள், வண்டிக்காரர், தரகர், நான், எல்லோரும் அதன் முன்னால்தான் காத்திருப்போம். ஆதலால் நம் பங்கில் புதிய நிகழ்ச்சிகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தகுதியுள்ளவன் யாரேனும் உண்டென்றால், வெட்கத்தோடு சொல்லுகிறேன், நானும் ஒருவன்.

இவ்விஷயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக, டெலிவிஷன் வந்து குடும்பச் செபமாலையைக் கெடுத்துவிட்டது என்று தொடங்குவார்கள். அது உண்மைதான் என்றாலும் பல தடவை சொல்லியாயிற்று. செபமாலை சொல்லுகிற வீடு சொல்லுகிறது, சொல்லாத வீடு மின்சாரம் இல்லாத நாளிலும் சொல்லுகிறதில்லை. பாட்டியம்மாளின் கேள்வி வேறு. நேரம் வீணாவதைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. பார்ப்பது என்னும் செய்கைக்கே நியாயத்தீர்வை நாளில் கணக்கு உண்டா என்று கேட்டார்கள்.

முதலாவது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். களைத்த மனிதனுக்கு விளையாட்டும் வேடிக்கையும் வேண்டும் என்பது நம் திருச்சபையின் பழைய போதனை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைச் சொல்லுமிடத்தில் அர்ச். அருளப்பரைப் பற்றிய ஒரு கதையை எடுத்துக் காட்டுகிறார். அப்போஸ்தலர் தம் சீடர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறல்பட்டார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் அருளப்பர். அவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பல அம்புகளை எய்தான். "இப்படியே எய்துகொண்டேயிருக்க முடியுமா?" என்று கேட்க, "வில் ஒடிந்துபோகும்" என்றான். மனிதருடைய மனமும் அப்படித்தான் என்றார் அருளப்பர். இரவு முழுதும் மூட்டை சுமந்து நிற்கிற தோள்களை நாள்தோறும் பார்க்கிறவன் நான். அவர்கள் அரைமணி நேரம் சிரித்தால் அது பாவம் என்று எவன் சொல்வான்?

ஆகவே எனக்குப் பிடித்தவற்றையும் ஒளிக்காமல் சொல்லுகிறேன். 2019 நவம்பரில் விஜய் டி.வி.யில் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' எனக்கு மிகவும் பிடிக்கும். சமைக்கத் தெரிந்தவரோடு சமைக்கத் தெரியாத ஒரு கோமாளியைக் கூட்டுச் சேர்த்துவிடுகிறார்கள். கடுகு தாளிப்பதற்குள் ஒரு யுத்தமே நடந்துவிடுகிறது. அதிலும் தோல்வி உண்டு, வெளியேற்றம் உண்டு. ஆனால் வெளியேறுகிறவரைக் கட்டித் தழுவி அனுப்புகிறார்கள். பார்க்கிறவன் யாரையும் பகைக்காமல் எழுந்து போகிறான். 2006 முதல் நடக்கிற 'நீயா நானா'வில் பாதி பிடிக்கும், பாதி பிடிக்காது. வாதம் வந்தால் நல்லது. கண்ணீர் வந்தவுடன் காமிரா ஓடிப்போய் முகத்தருகில் நிற்பதைக் கண்டால் எனக்கு என்னவோபோல் இருக்கிறது.

நம் வீட்டுப் பெண்கள் 'நாடகம்' என்று சொல்லுகிற சீரியல்களைப் பற்றி ஆண்கள் கேலி பேசுவதுண்டு. ஒரு கதவைத் திறப்பதற்குள் மூன்று முகங்களை மும்மூன்று தடவை காட்டுகிறார்கள் என்பது வாஸ்தவமே. ஆனாலும் சன் டி.வி.யில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை நடந்த 'எதிர்நீச்சல்' தொடரை நானும் விடாமல் பார்த்தேன். படித்த மருமகள்களை அடுக்களைக்குள் அடைத்து வைக்கிற ஆதி குணசேகரன் என்னும் கொடியவனாக மாரிமுத்து நடித்தார். எங்கள் தேநீர்க் கடையில் அவரைத் திட்டாத வாய் இல்லை. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி, ஆரோக்கிய மாதா திருநாளன்று, அவர் திடீரென்று இறந்துபோனார் என்று செய்தி வந்தது. முந்தின நாள் அவரைத் திட்டிய அதே வாய்கள், "ஐயோ, நல்ல மனுஷனப்பா" என்றன. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நாங்கள் பகைத்தது வேஷத்தை, மனிதனை அல்ல என்று.

நாடகத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. அர்ச். அகுஸ்தினார் வாலிபத்தில் நாடகப் பித்துப் பிடித்தவராயிருந்தார். கி.பி. 400-ஐ ஒட்டி அவர் எழுதிய 'பாவசங்கீர்த்தனம்' என்னும் நூலில், மேடையில் ஒருவன் துன்பப்படுவதைக் கண்டு அழுது, அந்த அழுகையிலேயே இன்பப்படுகிறோமே, இது என்ன இரக்கம் என்று தம்மையே கேட்கிறார். மெய்யான இரக்கம் உதவி செய்ய எழுந்திருக்கச் சொல்லும். இந்த இரக்கமோ உட்கார்ந்து அழுதால் போதும் என்கிறது. இதற்கு நான் விரித்துரை எழுத வேண்டியதில்லை. திரையிலுள்ள மருமகளுக்காகக் கண்ணீர் விடுகிற மாமியார், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிற சொந்த மருமகளைத் திரும்பிப் பார்ப்பதுண்டா என்பதை அவரவர் வீட்டில் கண்டுகொள்ளலாம்.

நிற்க. வேஷம் அல்லாத நிகழ்ச்சிகளுக்கு வருவோம். பாட்டியம்மாளின் கேள்வி உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

1999 செப்டம்பரில் ஹாலந்து தேசத்தில் 'பிக் பிரதர்' என்ற நிகழ்ச்சி தொடங்கிற்று. அறிமுகமில்லாத சிலரை ஒரு வீட்டில் அடைத்து, இரவும் பகலும் காமிராவால் பார்த்து, பார்க்கிறவர்கள் வாக்களித்து ஒவ்வொருவராக வெளியேற்றுவது. அது உலகமெங்கும் பரவி, 2006-இல் இந்தியில் 'பிக் பாஸ்' ஆகி, 2017 ஜூன் 25-இல் கமல்ஹாசன் நடத்த, விஜய் டி.வி.யில் தமிழுக்கு வந்தது. 2024 முதல் விஜய் சேதுபதி நடத்துகிறார். முதல் வருஷத்திலேயே, ஆகஸ்டு மாதத்தில், ஜனங்கள் மிகவும் நேசித்த ஒரு நடிகை மனம் நொந்து தாமாகவே வீட்டைவிட்டு வெளியேறினார். அவரை வருத்தினார்கள் என்று உடனிருந்த பெண்கள்மேல் வசைமாரி பொழிந்தது. குணசேகரனைத் திட்டியபோது வேஷம் கலைந்து வீட்டுக்குப் போகிற ஒரு மனிதர் இருந்தார். இவர்கள் எதைக் கலைத்துவிட்டுப் போவார்கள்? நாம் கொடுத்த பகையையும் பட்டப்பெயரையும் சுமந்துகொண்டல்லவா போகிறார்கள்?

அந்த வீட்டிலே ஓர் அறைக்கு 'கன்ஃபெஷன் ரூம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாற்காலி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு குரல், உட்கார்ந்தவர் தம் மனதிலுள்ளதையும், பெரும்பாலும் மற்றவர் குற்றத்தையும், கொட்டித் தீர்ப்பார். நம் கோவிலிலும் அதே பெயருள்ள ஒரு பெட்டி இருக்கிறது. அதிலே தன் குற்றத்தைத்தான் சொல்ல வேண்டும். கேட்ட குருவானவர் உயிர் போனாலும் அதை வெளியிடலாகாது. ஒன்று ஒருவர் காதோடு முடிந்துபோகிறது. மற்றொன்று கோடிப்பேர் காதுக்காகவே ஏற்பட்டது. பெயர் வைத்தவர்கள் வேண்டுமென்றா வைத்தார்கள்? இராது. ஆனால் ஒரு பெயர் இவ்வளவு தூரம் இடம் மாறிப் போகலாம் என்பது எனக்கு வியப்பாயிருக்கிறது.

பிக் பாஸுக்கும் முன்னால், 2011 முதல், ஜீ தமிழில் 'சொல்வதெல்லாம் உண்மை' நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் வந்தவர்கள் நடிகர்கள் அல்ல, ஏழைக் குடும்பத்தார். கணவன் மனைவி வழக்கு, பெற்ற பிள்ளை வழக்கு, எல்லாம் சொந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் ஊரறிய விசாரிக்கப்பட்டது. 2018 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை வருமட்டும் நாங்கள் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு அதைப் பார்த்தோம். ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது யாரோ சிரித்தார்கள். சிரித்தவன் கெட்டவன் அல்ல. அந்த வாரத்தில்தானோ அடுத்த வாரத்திலோ, முந்தானையில் முடிந்து வைத்த பணம் காணாமல் ஒரு காய்கறிக்காரி மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து அழுதபோது, முதலில் துண்டை விரித்துப் பத்து ரூபாய் போட்டுப் பத்துப்பேரிடம் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். ஒரே மனிதன், இரண்டு அழுகை. முன்னதற்குச் சிரித்தான், பின்னதற்குக் கைநீட்டினான். திரைக்குள் கை நுழையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். கைக்கு வேலையில்லாத இடத்தில் கண்ணுக்கு மட்டும் விருந்து வைத்தால், இரக்கம் மெல்ல மெல்ல வேடிக்கையாய்ப் புளித்துப்போகிறது.

இங்கே சிலர் ஒரு நியாயம் சொல்லுவார்கள். "கையெழுத்துப் போட்டு, காசு வாங்கிக்கொண்டு, தாமாகத்தானே போகிறார்கள்? நமக்கென்ன?" இது புதிய நியாயம் அல்ல. பண்டை ரோமாபுரியில் வாள்விளையாட்டு விளையாடினவர்கள் எல்லோரும் அடிமைகள் அல்லர். கடன்பட்ட சுயாதீன மனிதரும், சுடுவதற்கும் கட்டுவதற்கும் வாளால் மாளுவதற்கும் சம்மதம் என்று சத்தியம் செய்து தம்மை விற்றுக்கொண்டு களத்தில் இறங்கினார்கள். அவர்கள் சம்மதம் அவர்களைப் பற்றியது. மேலே ஆசனத்தில் உட்கார்ந்திருந்தவனுடைய மனதில் நடந்ததை அந்தச் சத்தியம் எப்படிக் கழுவும்?

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலெமாக்குஸ் என்ற ஒரு துறவி கிழக்கிலிருந்து ரோமாபுரிக்கு வந்து, இந்தக் கொலை விளையாட்டைக் கண்டு பொறுக்காமல், களத்துக்குள் இறங்கிச் சண்டையிட்டவர்களை விலக்கினார் என்று சரித்திரக்காரரான தெயோதரேத்து என்னும் மேற்றிராணியார் எழுதி வைத்திருக்கிறார். அவரைக் கல்லெறிந்து கொன்றவர்கள் யார்? வாள் பிடித்தவர்கள் அல்ல. பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சும்மா பார்க்க வந்தவர்கள்! அதைக் கேள்வியுற்று ஓனோரியுஸ் இராயன் அந்த விளையாட்டை நிறுத்தினானாம்.

இன்னொரு நியாயம் உண்டு. இது கொஞ்சம் கூர்மையானது. டெலிவிஷன்காரர்கள் யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதைக் கணக்கிட, 'பார்க்' என்னும் அமைப்பின் மூலம் சில வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் ஏறத்தாழ 21 கோடி வீடுகளில் டெலிவிஷன் உண்டென்றால், மீட்டர் உள்ள வீடுகள் சுமார் 55,000. நாலாயிரம் வீட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் தேநீர்க் கடையில் அது கிடையாது. உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் இராது. அப்படியானால் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த நிகழ்ச்சிக்கு ஒரு காசு ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பின்னே நம் பார்வைக்கு என்ன கணக்கு?

இதை நான் பல நாள் யோசித்தேன். உலகத்தில் ஒன்றையும் மாற்றாத செய்கை குற்றமாகுமா? இதற்கு விடை நூலில் கிடைக்குமுன்பே என் சட்டைப்பையில் கிடைத்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலை, மார்க்கெட்டில் காய் விற்கிற ஒரு பெண்ணிடம் அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து பணம் கேட்டுச் சண்டையிட்டான். அவிழ்ந்த கூந்தலோடு அவள் அழுததையும், அவன் சொன்ன வார்த்தைகளையும் யாரோ பையன்கள் அலைபேசியில் படமெடுத்தார்கள். முன்பெல்லாம் மார்க்கெட்டில் சண்டை என்றால் நாலுபேர் குறுக்கே விழுவார்கள். அன்று நாலுபேர் அலைபேசியை உயர்த்தினார்கள். மாலைக்குள் அந்தப் படம் எனக்கு மூன்று வாட்ஸப் குழுக்களிலிருந்து வந்துவிட்டது. அதில் ஒன்று செபக் குழு. அவள் யார், எந்த வரிசையில் கடை, எந்தக் கோவிலுக்குப் போகிறவள், இவற்றையெல்லாம் நான் எழுதமாட்டேன். எழுதினால் நானும் அந்தப் பையன்களில் ஒருவனாவேன்.

அதைத் திறக்கவேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அகுஸ்தினாருடைய நண்பர் அலிப்பியுஸும் அப்படித்தான் நினைத்தார். ரோமாபுரியில் சட்டம் படித்த அவரைத் தோழர்கள் பலவந்தமாய்க் களத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "என் உடம்பை இழுக்கலாம், மனதை இழுக்க முடியாது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவன் விழ, ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். என்னவென்று தெரிந்துகொண்டு வெறுத்துவிடலாமே என்று கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். மறுபடி வரும்போது மற்றவர்களை இழுத்துக்கொண்டு வருகிறவராகிவிட்டார். பிற்காலத்தில் மேற்றிராணியாரான மனிதருக்கே இந்தக் கதி.

நான் திறந்தேன். முக்கால் நிமிஷம். முடிந்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். அவன் என்ன சொல்லுகிறான் என்பது முதல் தடவை சரியாகக் கேட்கவில்லை.

யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு மீட்டரும் ஓடவில்லை. நான் பார்த்ததால் அவளுடைய துன்பம் ஓர் அணுவளவும் கூடவில்லை. ஆனால் மறுநாள் அவள் கடை வழியாய்ப் போக என்னால் கூடவில்லை. சுற்றுவழியாய் நடந்தேன். என் பார்வை ஒன்றையும் மாற்றவில்லை என்றால், நான் ஏன் சுற்றி நடந்தேன்? அவளுக்குச் சொந்தமான ஒன்று, அவள் எனக்குக் கொடுக்காத ஒன்று, என்னிடத்தில் இருந்தது. புறங்கூறுகிறவனைவிட அதைக் காதுகொடுத்துக் கேட்கிறவன் எம்மட்டும் நல்லவன் என்று கேள்வி வந்தபோது, மனமொப்பிக் கேட்கிறவனும் பங்காளியே என்று அர்ச். தோமாஸ் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். காதுக்குச் சொன்ன சட்டம் கண்ணுக்கும் பொருந்தாமல் போகுமா? தேநீர்க் கடையில் எட்டு வருஷமாய் அந்நியர் அழுகையைப் பார்த்துப் பழகின கண்தான், அன்று பழகின முகத்தின் அழுகையையும் அதே மாதிரி பார்த்தது. பழக்கத்துக்கு வேஷமும் தெரியாது, விலாசமும் தெரியாது.

பத்திநாதர் என்னும் பெயருள்ள பன்னிரண்டாம் பாப்பரசர் 1957-ஆம் வருஷத்திலேயே சினிமா, ரேடியோ, டெலிவிஷன் மூன்றையும் பற்றி ஒரு நிருபம் எழுதினார். இவை கடவுளின் கொடைகள் என்றே அதில் மதித்தார். 1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட தீர்மானத்தில், தயாரிக்கிறவர்களுக்கு மட்டுமல்ல, தாமாகத் தெரிந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கும் விசேஷக் கடமை உண்டென்று தனியாய்ச் சொல்லியிருக்கிறது. டெலிவிஷனுக்கு ஒரு பாதுகாவலியும் உண்டு என்பதை உங்களில் பலர் அறியமாட்டீர்கள். 1958-இல் அர்ச். கிளாரம்மாளை அப்படி நியமித்தார்கள். 1252-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் இரவு, எழுந்திருக்க முடியாத வியாதியாய்ப் படுத்திருந்த அந்த அம்மாள், தூரத்துக் கோவிலில் நடந்த பூசையைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார்களாம். 2020-இல் கோவில்கள் பூட்டிக் கிடந்தபோது நாமும் டெலிவிஷனில் பூசை கண்டோமே, அப்போது எனக்கு அவர்கள் நினைவு வந்தது. எழுந்து போக ஆசைப்பட்டுப் போக முடியாமல் பார்த்தார்கள் கிளாரம்மாள். நான் எழுந்து போகக்கூடிய இடத்துச் சண்டையை உட்கார்ந்து பார்த்தேன்.

போன ஞாயிறு பாட்டியம்மாளைத் தேடிப்போய் இவ்வளவையும் சொன்னேன். பிக் பாஸை அவர்கள் மறந்தே போய்விட்டார்கள். "அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டார்கள்.

"எப்படிப் பாட்டி போவேன்? மன்னிப்புக் கேட்பதென்றால், பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அவள் இன்னொரு தடவை குன்றிப்போவாளே" என்றேன்.

கொஞ்ச நேரம் செபமாலையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். "ஒன்றும் பேசாதே. போய்க் காய் வாங்கு" என்றார்கள்.

திங்கட்கிழமை காலை நேர்வழியாகவே போனேன். என்ன காய் என்று எழுதுவதற்கில்லை. அரைக் கிலோ கேட்டேன். அவள் நிறுத்துப் பையில் போட்டுவிட்டு, நான் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலையும் கொசுறாகப் போட்டாள்.